பத்து விரல்

"அழுத்தாதேடா. சும்மா வை."

மதியழகன் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தான். கைரேகைக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து விரலுக்கும் அதேதான்.

ஆம்பூர் பஜாரில் ஷோயப்பின் டிராவல்ஸ் கடை அது. சுவரில் ஓர் உலகப் படம். அதில் ஆம்பூரிலிருந்து ஜெர்மனி வரை சிவப்பு மையில் ஒரு கோடு. நண்பர்கள் இருவரும் ஒரே பைக்கில் போகிற வழி. பத்து வருடத் திட்டம். வழியிலுள்ள நாடுகளின் விசாக்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. ஐரோப்பா மட்டும் பாக்கி. அதற்குப் பத்து விரல் ரேகையும் வேண்டும்.

"ரேஷன் கடையிலயும் இதே பேஜார்தான்," என்றான் மதியழகன். "அங்க கண்ணைக் காட்டி அரிசி வாங்கிடுவேன்."

"கண்ணைக் காட்டினா விசா தர மாட்டாங்க."

மதியழகனுக்குத் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. இருபது வருடமாக, மாட்டுத் தோலிலிருந்து முடியை நீக்குகிற சுண்ணாம்பு அவன் விரல்களையும் வழவழப்பாக்கியிருந்தது.

"விட்ரு ஷோயப். நீ மட்டும் போய்ட்டு வா."

"பின்னாடி சீட்டுல யாரு? உன் ஆவியா?" ஷோயப் காலண்டரைப் பார்த்தான். "தோல் திரும்ப வளரும்டா. சென்னை விசா மையத்துக்குப் போக இன்னும் இருபத்துநாலு நாள் இருக்கு. அதுவரைக்கும் தொட்டியில கை வைக்காதே. தினமும் ரெண்டு வேளை தேங்காயெண்ணெய் தடவு."

"மேஸ்திரி இன்னா சொல்வாரு தெரியுமா? ஜூலையில என் மச்சான் பதில் ஆளா வர்றான், அதனாலதான் லீவே குடுத்தாரு. இப்ப என் இடம் காலியா இருந்தா வேற ஆளைப் போட்டுடுவாரு. வேலை போனா லீவு லெட்டர் செல்லாது. லெட்டர் இல்லன்னா விசாவும் இல்ல. நீதானே சொன்ன?"

ஷோயப் போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"பேரணாம்பட்டுல எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான். உன் ஷிப்டுக்கு அனுப்பறேன். நீ அந்தப் பக்கமே போகாதே."

மதியழகன் வீட்டிலேயே இருந்தான். மனைவி சங்கீதா அவனைத் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடவில்லை. "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ எண்ணெய் தடவ மாட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே தடவிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரிக்குப் போன் செய்தான்.

"பதில் ஆள் எப்படி மேஸ்திரி?"

"கை பழக்கமில்ல. மெதுவாத்தான் செய்யறான். ஆனா விடிகாலை நாலரைக்கு டாண்ணு வந்துடறான். உனக்கு நல்ல ஆள்தான்பா கெடச்சிருக்கான்."

மதியழகனுக்கு நிம்மதியாக இருந்தது. ரேகையைச் சோதித்துப் பார்க்கக் கடைக்குப் போனான். கடை பூட்டியிருந்தது. ஷோயப் பதினோரு மணிக்குத்தான் வந்தான்.

"இன்னா தொரை, ஒம்போது மணிக்குத் தொறக்கற கடை இப்ப பதினொண்ணா?"

"விசா டென்ஷன்ல தூக்கமே வரலடா. விடிஞ்சப்புறம்தான் கண்ணு சொக்குது."

கையில் பைக் ஓட்டும் தோல் கையுறை மாட்டியிருந்தான். வெளியே மே மாத வெயில் கொளுத்தியது.

"இந்த வெயில்ல கிளவுஸா?"

"புதுசு. போட்டுப் போட்டுத்தான் இளக்கணும். தோல் வேலை செய்யற உனக்கு நான் சொல்லணுமா?"

மதியழகன் விரலை வைத்தான். மூன்று விரலுக்குப் பச்சை விளக்கு. அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்த வாரம் பத்தும் பச்சை.

அன்று மதியழகன் ஷோயப்பைப் பிரியாணிக் கடைக்கு இழுத்துப் போனான். ஷோயப் கையுறையைக் கழற்றாமலே ஸ்பூன் கேட்டான். பரிமாறியவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஸ்பூன்ல பிரியாணி சாப்பிடறவன் ஆம்பூர்காரனாடா?" என்றான் மதியழகன்.

"ஐரோப்பாவுக்குப் பழகறேன், தோஸ்த்."

சென்னைக்குப் போகும் நாள் வந்தது. ஷோயப் சாவியை நீட்டினான். "நீயே ஓட்டு. இன்னிக்கு ஹீரோ நீதான்." பள்ளிகொண்டா, வேலூர் எல்லாம் தாண்டியும் அவன் வண்டியைக் கேட்கவில்லை. அது மதியழகனுக்கு வியப்பாக இருந்தது. ஹைவேயில் வண்டியை யாருக்கும் தராதவன் அவன்.

விசா மையத்தில் மதியழகன் முதலில் போனான். கண்ணாடியின் மேல் கையை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டான். பத்து விரலும் பதிந்தன. கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு அவன் இரண்டு முறை நன்றி சொன்னான்.

"அடுத்து நீங்க சார். கிளவுஸைக் கழட்டுங்க."

ஷோயப் ஒவ்வொரு விரலாக மெதுவாகக் கழற்றினான். கண்ணாடியில் கை வைத்தான். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு.

"டிராவல்ஸ் வச்சிருக்கீங்கன்னுதானே ஃபார்ம்ல இருக்கு? கையில என்ன சார் ஆச்சு?" என்றாள் அந்தப் பெண். "மூணு வாரம் கழிச்சு திரும்ப வாங்க."

மதியழகன் எட்டிப் பார்த்தான். ஊறி வெளுத்த உள்ளங்கை. தோலுரிந்த விரல் நுனிகள். மஞ்சளான நகங்கள். இருபது வருடமாகத் தன் சாப்பாட்டுத் தட்டில் தினமும் அவன் பார்த்த கை.

"ஷோயப்... அந்தப் பேரணாம்பட்டு ஆளு?"

"ரெண்டே நாள்ல ஓடிட்டான்டா," என்றான் ஷோயப். "உனக்கு இருபது வருஷத்துல போனது, எனக்கு இருபது நாள்ல போகாதுன்னு நெனச்சேன். பரவால்ல, நாளையிலேருந்து நீ தொட்டிக்குப் போ. நான் எண்ணெய் தடவிக்கறேன்."