எதிர் விளிம்பு

பழைய காசு வாங்கி விற்கிற கடையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. பார்த்துப் பார்த்து அதற்குக் கண்ணே பூத்துப்போயிருந்தது. அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன காசுக்குப் பட்டுப் பெட்டி, பிறகு அடிபட்ட காசுக்கு உலை. அதுதான் அங்கே வழக்கம்.

ஓரம் போன செப்புக்காசு ஒன்று கண்ணாடியிடம் வந்து, “நான் பிறவியிலேயே இப்படித்தாண்ணே,” என்றது.

“வர்றவன் எல்லாம் இதத்தான் சொல்றான். அச்சுல ஏறும்போதே குறை இருந்தா, நேர் எதிர் விளிம்பும் மங்கித்தான் விழும். உனக்குப் பளிச்சுன்னு இருக்கே! எவனோ வெட்டியிருக்கான், போ.”

போன காசு, எதிர் விளிம்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தது.

“இப்பப் பாருங்கண்ணே!”

கண்ணாடி பெருமூச்சு விட்டது.

“அந்த வெட்டு எவனோ போட்டது. இது யாருடா போட்டது?”

காசு தானே உருண்டு போய் உலைக்குள் விழுந்தது.