மூன்றாம் பலகை

கொடைக்கானல் மலைக்கு ரயில்பாதை வந்து சேர்ந்துவிட்டது என்பதைச் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கலாகிறது. எந்தச் சர்க்காரும் போடாத பாதையைத் தண்டாயுதபாணி தன் ஒற்றை அறை வீட்டுக்குள் நான்கு பலகைகளில் போட்டு முடித்திருக்கிறார். பேரிக்காய்ப் பெட்டிகளைப் பிரித்துச் செய்த பலகைகள். வேண்டும்போது கொக்கி மாட்டிச் சேர்க்கலாம். வேண்டாதபோது கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். மகள் லீலாவுக்கு ஆறு வயதில் வாக்குக் கொடுத்து ஆரம்பித்த திட்டம் இது. இன்று லீலா புருஷன் வீட்டுக்குப் புறப்படுகிறாள். ஜன்னல் வழியாக நுழையும் மஞ்சுப் பனி, டால்டா டப்பாவைக் கத்தரித்துச் செய்த தண்டவாளத்தில் ஈரமாகப் படிகிறது. அவர் துண்டால் துடைக்கிறார்; மறுபடி படிகிறது. உத்தரத்தில் தொங்கும் பூண்டுக் கொத்துகளின் நிழல் மலைவளைவுகளின்மேல் ஆடுகிறது. மூன்றாம் பலகை லீலாவின் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த உயரத்துக்குத்தான் எல்லாவற்றையும் அளந்தார். அந்தப் பெட்டிதான் இப்போது பஸ் ஏற வேண்டும்.

“பெட்டிய வெரசா எடுங்க. மாப்பிள்ள குளிர்ல நிக்காரு,” என்கிறாள் மனைவி விசாலாட்சி.

“செத்த பொறு. புள்ள ஒரு தடவ பாக்கட்டும்.”

லீலா பட்டுச்சேலை கசங்கக் குனிகிறாள். அவள் விரல் அடிவாரத்தில் கிளம்பி, வளைவுகளில் ஏறி, தீப்பெட்டி ஸ்டேஷனில் வந்து நிற்கிறது.

“அம்சமா இருக்குப்பா. ரயிலு எங்க?”

தண்டாயுதபாணி மூன்றாம் பலகையின் கொக்கியைக் கழற்றுகிறார். பாதை முடியட்டும், மதுரைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தார். ரயிலை அவர் வாங்கவே இல்லை.