பதினோராவது சாம்பிள்

“வழியில டப்பாவைத் தொறந்தீங்களா இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க.”

“தொறக்கலீங்க அம்மணி.”

பாலுசாமி தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். தப்புச் செய்தவர்தான் இப்படிக் குனிவார் என்று வரலட்சுமிக்குப் பட்டது.

விஷயம் இதுதான். கொழுப்பு சும்மா கிடக்கிற சதை இல்லை. ‘சாப்பிட்டது போதும்’ என்று மூளைக்குச் சேதி சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை அது சுரக்கிறது. அதைக் கண்டுபிடித்தே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. உடம்பில் எங்கேயாவது வீக்கம் வந்தால் அந்தச் சுரப்பு கூடுமா, குறையுமா? வரலட்சுமியின் ஆராய்ச்சியே இந்த ஒரு கேள்விதான்.

கோவையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர்களிடம் அனுமதி கேட்டு ஒரு ஸ்பூன் கொழுப்பு வாங்குவாள். அட்டெண்டர் பாலுசாமி அதை ஐஸ் டப்பாவில் வைத்து, போத்தனூர் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார். அவள் இரண்டு கிண்ணங்களில் பிரித்து வைப்பாள். ஒன்றில் வீக்கத்தைத் தூண்டும் திரவம் சேர்ப்பாள், இன்னொன்றைச் சும்மா விடுவாள்.

பத்துப் பேருடைய கொழுப்பு ஒழுங்காக நடந்துகொண்டது. பதினோராவது, காரமடை சின்னாத்தாளுடையது, மானத்தை வாங்கிவிட்டது. சும்மா விட்ட கிண்ணமும் தூண்டிவிட்ட கிண்ணம் மாதிரியே சுரந்தது!

டப்பாவுக்குள் அழுக்குப் பட்டிருக்க வேண்டும், வேறென்ன? ‘ஆளை மாற்றுங்கள்’ என்று புரொபசருக்குக் கடிதம் எழுதி, பாலுசாமியிடமும் சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். பாலுசாமிக்கு அது தற்காலிக வேலை. கடிதம் போனால் வேலையும் போச்சு.

“கடுதாசி குடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா அந்தம்மாவைப் பாத்துட்டு வந்துருங்க அம்மணி” என்றார் பாலுசாமி. “போனா சாப்புடாம வந்துராதீங்க.”

வேலை போகப் போகிறது, மனுஷனுக்குச் சாப்பாட்டுக் கவலை! எரிச்சலாக வந்தது. ஆனாலும் சந்தேகம் குடையவே, காரமடைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

“வா கண்ணு! மொதல்ல சாப்புடு” என்று சின்னாத்தாள் இலையைப் போட்டுவிட்டாள். அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய். “போதுங்க” என்று சொல்லச் சொல்ல இன்னொரு கரண்டி விழுந்தது.

“ஆஸ்பத்திரியில சொன்னியே, போதும்னு சொல்ற சரக்கு, அது என்ற கொழுப்புல இருக்குதாக்கும்? எனக்கு ஒருநாளும் கேட்டதில்லியே!”

சிரித்துக்கொண்டே சின்னாத்தாளும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு பக்கமாகவே மென்றாள்.

வரலட்சுமியின் கை நின்றது. “பல்லுல என்னங்க?”

“ஈறு வீங்கிச் சீழ் வெச்சிருக்குது கண்ணு. மூணு மாசமா இதே ரோதனை.”

“வீக்கம், புண்ணு ஏதாச்சும் இருக்குதான்னு ஆஸ்பத்திரியில கேட்டனே! இல்லேன்னு சொன்னீங்களே!”

“பக்கத்துக் கட்டில்காரி கால்ல புண்ணுன்னு சொன்னா. நீ வேண்டாம்னுபோட்டே. காலி டப்பாவைப் பாத்து உன்ற மூஞ்சி வாடிப்போச்சு. கேட்டு வந்த புள்ளைய நானும் வெறுங்கையோட அனுப்பறதா?”

வரலட்சுமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஈறில் இருக்கிற வீக்கம் வயிற்றுக் கொழுப்பு வரைக்கும் சேதி அனுப்பியிருக்குமா? அப்படியென்றால் இது கெட்டுப்போன சாம்பிளே இல்லை, புதுக் கேள்வி!

“நாளைக்கே பல் டாக்டர்கிட்டப் போறோங்க, நானும் வாரேன்” என்றாள்.

“ஆகட்டும் கண்ணு. டப்பா எடுக்க வந்த தம்பிகிட்ட மட்டும் மனசு கேக்காம உண்மையச் சொல்லிப்போட்டேன். அம்மணி வருத்தப்படும், வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லலியா?”

வரலட்சுமி கடிதம் இருந்த பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

“சொல்லலீங்க. சாப்புடாம வந்துராதீங்கன்னு மட்டுந்தான் சொன்னாருங்க.”