இன்னும் ஒரு இஞ்ச்

“இன்னும் ஒரு இஞ்ச் இறக்கு தேவராஜு.”

இதைச் சொன்னது காரின் சொந்தக்காரர் ஆனந்தன் இல்லை. அவர் மனைவி நாகவல்லி. குமணன்சாவடி கூட்டு ரோட்டில், மெக்கானிக் தேவராஜின் ஷெட்டில், கவிழ்த்துப் போட்ட கிரீஸ் டப்பாவின் மேல் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

தேவராஜ் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

“இப்பவே ரெண்டு இஞ்ச் இறக்கிட்டேன் அண்ணி. இன்னும் இறக்குனா அடியில நாலு இஞ்ச்தான் மிஞ்சும். எலி போனாக்கூட முதுகு இடிக்கும்.”

“எலியா ரேஸ் ஓட்டப் போவுது? நீ இறக்கு.”

ஆனந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை. சிகரெட்டைப் பற்றவைப்பதும், இரண்டு இழுப்பில் எறிவதும், தரையில் கிடந்த ஸ்பிரிங்குகளில் ஒன்றைத் தூக்கி உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு காரையே தாங்குகிற ஸ்பிரிங் அவர் கைக்கு எப்படி அசையும்? இருந்தாலும் அழுத்தினார்.

பருத்திப்பட்டில் அவர்கள் குடும்பத்து நஞ்சை தொழிற்சாலைக்கு விலைபோனபோது, வந்த பணத்தில் பங்காளிகள் எல்லாரும் மாடி கட்டினார்கள். ஆனந்தன் மட்டும் கூரையே இல்லாத சிவப்பு வெளிநாட்டுக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கிவந்தார். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டினார் என்று தெருவில் சொல்வார்கள். பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் போன வருஷம் சோழவரம் பந்தயத்தில் வளைவு திரும்பும்போது அந்தக் கார் சாய்ந்து உருண்டதைப் பார்த்தவர்கள் நிறைய. காறை எலும்பு முறிந்து இரண்டு மாதம் கட்டோடு கிடந்தார். நாகவல்லிதான் சோறு ஊட்டினாள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கே வேம்புலியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கற்பூரத்தின் முன்னால் ஆனந்தன் சத்தியம் செய்தார்: “அடுத்த வருஷம் ஒரே ஒரு தபா. அதுல ஓட முடியலன்னா வண்டிய வித்துடறேன்.”

அந்த அடுத்த வருஷம் வந்துவிட்டது. இன்று வெள்ளி. ஞாயிறு பந்தயம்.

“தேவராஜு, மறுபடியும் கவுந்துடாதில்ல?” என்று பத்தாவது முறையாகக் கேட்டார் ஆனந்தன்.

“இப்ப போட்டுக்கீற ஸ்பிரிங்கே போதும் அண்ணாத்தே. வளைவுல சாயாது. அண்ணி சொல்ற குட்டை ஸ்பிரிங்கு போட்டா இன்னும் தரையோட ஒட்டிக்கினு போவும், அது நெசந்தான். ஆனா ஷாக் அப்சார்பரையும் கெட்டியா மாத்தணும். இல்லாங்காட்டி தவளை மாதிரி துள்ளும்.”

“அப்ப அதையும் மாத்து” என்றாள் நாகவல்லி. “போதும் போதும்னு போன வருஷமும்தான் சொன்னே. உருண்டா நீயா வந்து ஊட்டப் போறே?”

தேவராஜ் குட்டை ஸ்பிரிங்கை எடுத்தான். ஆனந்தன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

“பாத்தியா தேவராஜு. ஊட்டுக்கு ஊடு பொண்டாட்டி கீறா. ஸ்பிரிங்கு பாத்து எடுக்கிற பொண்டாட்டி எவனுக்குக் கீறா?”

இந்தச் சேதி அவர்களுக்கு முன்னால் பருத்திப்பட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு கெங்கம்மாள் குழாயடியில் தீர்ப்புச் சொன்னாள்.

“போன வருஷம் ரேஸுன்னு காதுல விழுந்தாலே மண்ணை வாரித் தூத்துனவ. இப்ப ஷெட்டாண்ட போயி குந்திக்கினு கீறா. இன்னாத்துக்கு? கோப்பையோட பேப்பர்ல போட்டோ வரணும். அதான் ஆசை.”

நாகவல்லி புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறாள் என்பதையும் சாயங்காலத்துக்குள் தெரு கண்டுபிடித்துவிட்டது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

சனிக்கிழமை பந்தயக்காரர்கள் வண்டிகளைச் சோழவரத்தில் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். நாகவல்லி பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். குழந்தையை வழியனுப்புகிறவள் போல பானெட்டைத் தடவிக் கொடுத்தாள்.

“பள்ளத்துல பாத்துப் போங்க. அடி வாங்கிடப் போவுது.”

செங்குன்றம் தாண்டுவதற்குள் கார் ஏழெட்டு இடத்தில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஆனந்தன் பல்லைக் கடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவராஜ், “நாளைக்கு ரேஸ் ரோட்டுல பள்ளம் கெடையாது அண்ணாத்தே” என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தான்.

பரிசோதனை அதிகாரி வெள்ளைத் தொப்பி போட்ட, அவசரமே இல்லாத மனிதர். பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு ஒரு மரக்கட்டையை எடுத்துக் காருக்கு அடியில் தள்ளினார். கட்டை உள்ளே போகாமல் முட்டி நின்றது. குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, பரிசோதனைச் சீட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

“ஓட்ட முடியாது. அடியில அஞ்சு இஞ்ச் இருக்கணும். உங்க வண்டியில நாலுதான் இருக்கு.”

ஆனந்தனின் முகம் வெளுத்தது. தேவராஜ் முன்னால் பாய்ந்தான்.

“ஷெட்ல வேற ஸ்பிரிங்கு கீது சார். எட்த்தாந்து மாட்டிர்றேன். மூணு மணி நேரம் குடுங்க.”

“இன்னும் கால் மணி நேரத்துல பரிசோதனை முடிஞ்சிடும்பா.”

“அஞ்சு இஞ்ச் கணக்கெல்லாம் எங்களுக்கு எப்டி சார் தெரியும்?” ஆனந்தனின் குரல் உடைந்தது. “யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே.”

“சொல்லலையா? விதித்தாளை எல்லார் வீட்டுக்கும் தபால்ல அனுப்பினோமே.” அதிகாரி ஃபைலைப் புரட்டினார். “அதைப் படிச்சிட்டு உங்க விலாசத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கார்டுகூட வந்திருக்கு, பாருங்க.”

தபால் கார்டில் முத்து முத்தான எழுத்து.

‘ஐயா, அடியில் ஐந்து இஞ்ச் வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். நாலு இஞ்ச் இருந்தால் கட்டாயம் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் அல்லவா? பதில் வந்த பிறகுதான் ஸ்பிரிங் வாங்க வேண்டும். இப்படிக்கு, நாகவல்லி ஆனந்தன்.’