முதல் நாள்காரர்

ரெய்னோ கதவைத் தள்ளியபோது உள்ளே ஐலா பேசிக்கொண்டிருந்தாள்.

குரலைக் கேட்டதுமே அவர் கால் தயங்கியது. வருடக்கணக்காகக் காதில் விழாத குரல். பெற்ற மகளின் குரல்.

டுலூத் நகரத்தில் சர்ச்சுக்கா பஞ்சம்! செவ்வாய்க்கிழமை, ஒரு சர்ச்சின் அடித்தளம் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். முதல் சர்ச்சில் கிழவிகள் உட்கார்ந்து போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் பாட்டுப் பயிற்சி.

"குடிய விட்டவங்க கூட்டமா? ஏரிப் பக்கமா கீழ எறங்குங்க. வாசல்ல ஒரு கும்பல் சிகரெட் ஊதிக்கிட்டு நிக்கும், அதான் அடையாளம்" என்று வழி சொன்னார் பாட்டு வாத்தியார்.

கும்பல் நின்றது. நகர்ந்து வழி விட்டது. யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மகளிடம் சொல்ல அவருக்கு ஒரே ஒரு விஷயம் இருந்தது. அதை நேரில், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போன் செய்தால் எடுக்க மாட்டாள். அவள் இந்த ஊரில் செவ்வாய்தோறும் கூட்டத்துக்குப் போகிறாள் என்று அவருடைய தங்கை வாய்தவறி உளறியதை நம்பி, பகல் முழுக்கப் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்தார். மன்னிக்கக்கூட வேண்டாம். காது கொடுத்துக் கேட்டால் போதும்.

கடைசி வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

"அம்மாவ அடக்கம் பண்ற அன்னிக்கும் எங்கப்பா பார்லதான் கெடந்தாரு" என்று ஐலா சொல்லிக்கொண்டிருந்தாள். "கடைசியில குடிச்சுக் குடிச்சே செத்தும் போனாரு. உங்களுக்குத்தான் தெரியுமே. நானும் அப்பிடிப் போயிரக் கூடாதுன்னுதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்."

எல்லோரும் தலையசைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கதைதான். பக்கத்தில் இருந்த பருமனான பெண்மணி, புதிதாக வந்தவருக்கு விவரம் போதாதே என்று ரெய்னோவின் பக்கம் சாய்ந்தாள்.

"பாவம் அந்தப் பொண்ணு. அவங்கப்பா நினைவு நாளுக்கு நாங்க எல்லாருமே மெழுகுவத்தி ஏத்தினோம்."

தன்னுடைய நினைவு நாள் என்றைக்கு வருகிறது என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

அப்போதுதான் ஐலா அவரைப் பார்த்தாள்.

முகம் வெளுத்துப்போனது. காபிக் கோப்பையை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள். "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ரெய்னோவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. இப்போது எழுந்து நின்று 'நான்தான் அந்த அப்பன்' என்றால், இத்தனை பேர் முன்னால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். இங்கே இருப்பவர்கள் ஊருக்கெல்லாம் புளுகிவிட்டு, இந்த ஒரு அறையில் மட்டும் உண்மை பேசுவோம் என்று வந்தவர்கள். இங்கேயும் மானம் போய்விட்டால் அவள் எங்கே போவாள்? நேராகப் பாட்டிலிடம்தான் போவாள். அந்த வழி அவருக்குத் தெரியாததா? வாயை மூடிக்கொண்டார்.

"குடிய விட்டு இன்னிக்குத்தான் எனக்கு மொத நாள்னு யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் கூட்டத்தை நடத்திய தபால்காரர். "வெக்கப்படாதீங்கப்பா. நாங்க எல்லாரும் அந்த நாளத் தாண்டித்தான் வந்திருக்கோம்."

ஒரு லாரிக்காரன் எழுந்தான். முதல் நாள்காரர்களுக்கு வெள்ளை டோக்கன் கொடுப்பது ஐலாவின் வேலை. டோக்கனை அவன் கையில் வைத்து, அந்த மலைபோன்ற உடம்பைக் கட்டி அணைத்தாள். அங்கே அதுதான் வழக்கம். முதல் நாள் வந்தவர் யாரும் அந்த அணைப்பு இல்லாமல் திரும்பக் கூடாது. மற்றவர்களுக்கு அது கிடையாது, கைதட்டல்தான்.

"வேற யாராவது?"

ரெய்னோ கையை உயர்த்தினார்.

"பேரு?"

"வால்ட்." வாயில் வந்தது பக்கத்து வீட்டுக்காரனின் பெயர்.

"வாங்க, வால்ட்!" என்றது மொத்தக் கூட்டமும்.

ஐலா வந்தாள். வராமல் இருக்க முடியாது, அத்தனை பேரும் பார்க்கிறார்கள். டோக்கனை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு கட்டிக்கொண்டாள். லாரிக்காரனை விட்டதுபோல் அவரைச் சட்டென்று விடவில்லை. தோள் குலுங்கியது. யாருடைய தோள் என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்பா, வேற கூட்டம் பாத்துக்கோ. இங்க வராத" என்றாள் காதுக்குள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா எங்கயாவது போ. இன்னிக்கு ஆரம்பிச்சத மட்டும் விட்டுராத."

"சரிம்மா" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பருமனான பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெய்னோ கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினார். வாசலில் இருந்த சிகரெட் கும்பல் அவர் கையிலிருந்த டோக்கனைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தது.

அவர் குடியை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. மகளிடம் அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.