ஆளுநர் கையெழுத்திடும் வரை

பேரவைத் தலைவர் எழுந்து, "அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது" என்று வாசித்தபோது, உறுப்பினர் அமலோற்பவம் கையை உயர்த்தினாள். தலைவர் நிற்கையில் யாரும் பேசக் கூடாது என்பது மரபு. உடனே நாட்டுப்பண் ஒலித்ததால் கையை இறக்கி அசையாமல் நின்றாள். அது முடிந்து எல்லோரும் கிளம்ப, அவள் மட்டும் உட்கார்ந்து மறுபடி கையை உயர்த்தினாள்.

"யக்கா, தலைவரு போயாச்சு. யாருக்கு டாட்டா காட்டுறிய?" என்றார் பக்கத்து இருக்கை சந்தனராஜ்.

"கூட்டம் முடியலய்யா. ஒத்திதான் வெச்சிருக்காங்க."

அவள் சொன்னது சரிதான். கூட்டத்தொடரை முடித்துவைப்பது ஆளுநரின் கையெழுத்து. அது விழும்வரை தலைவர் நினைத்தால் அவையைத் திரும்பக் கூட்டலாம். விழுந்துவிட்டால் மசோதாக்கள் பிழைத்துக்கொள்ளும். பேச எடுக்காத கவன ஈர்ப்புத் தீர்மானங்கள் செத்துப்போகும். அவளுடையதும் அப்படி ஒன்று. கடல் அவள் ஊரின் கடைசித் தெருவைத் தின்றுகொண்டிருக்கிறது, கல் கொட்டித் தடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். அவைக்காவலர் வாசலில் தயங்கி நின்றார். அவள் மடியில் செல்பேசி அதிர்ந்தது. அந்தத் தெருவில் குடியிருக்கும் ததேயு.

"பேசிட்டியளா? தண்ணி வாசப்படிக்கு வந்துட்டு."

அவன் குரலைவிட அலையின் இரைச்சல் பெரிதாகக் கேட்டது.

"அவையிலதான் இருக்கேன், தம்பி."

வலித்த கையைத் தாழ்த்தி, செல்பேசியை அதற்கு மாற்றி, மற்றக் கையை உயர்த்தினாள்.