கம்பி நட்ட இடம்

“ஐயா, அந்த வேலியோரம் மட்டும் கம்பி நட வேணாங்க. ஒங்க கால்ல வேணா வுழறேன்.”

சர்வே ஆபீசர் சாமிநாதன் சிரித்தார். “சுரங்கம் வெட்ட வந்தோம்னு நினைச்சியா சம்மந்தம்? மண்ணுல கரண்ட் விட்டு, அடியில இருக்கற ஆதிகாலத்துப் பாறை எவ்வளவு தடிமன்னு பார்க்கறோம். வரிசை விட்டுப்போனா கணக்கே தப்பாயிடும்.”

சம்மந்தம் பயந்தது கம்பிக்கு அல்ல. குடத்தோடு வரப்பில் வந்துகொண்டிருந்த மனைவி சிந்தாமணிக்கு. கம்பி நட்ட இடத்தில் உப்புத்தண்ணீர் ஊற்றினால்தான் கரண்ட் மண்ணுக்குள் இறங்குமாம். குருவிநத்தத்தில் அந்தக் கூலி வேலைக்கு முதல் ஆளாகப் போய் நின்றவள் அவள்தான்.

பாவி மகள்! பிரெஞ்சு ஆட்சி போய் இந்தியாவோடு சேரும் கலாட்டா நடந்த வருஷம் சைகோனுக்குக் கப்பலேறிய மகன் செல்லப்பன் திரும்பி வருவான், அவனுக்கு வேட்டி சட்டை எடுக்கவேண்டும் என்பாள். நாலு வருஷமாகக் கடுதாசி கிடையாது. ஆனாலும் பாகூர் தபாலாபீசுக்கு நடையாய் நடப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கும்.

வேலியோரம் கம்பி இறங்கியது. ஆபீசர் கரண்ட் அளக்கும் பெட்டியின் முள்ளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“இன்னும் தண்ணியே ஊத்தலை, அதுக்குள்ள கரண்ட் இப்படிப் பாயுதே! யாரோ மண்ணைக் கிளறி உப்பு கொட்டியிருக்காங்க. வீரப்பா, மம்பட்டியக் கொண்டா. தோண்டிப் பார்த்திடுவோம்.”

நாலு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த சம்மந்தத்துக்கு, அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பொய்கூட வாயில் வரவில்லை.

“ஐயோ, நான்தாங்க!” என்று ஓடிவந்தாள் சிந்தாமணி. “காலைல இங்கதான் வழுக்கி வுழுந்தேன். கொடத்து உப்புத்தண்ணி பூரா கொட்டிப்போச்சு. கூலிய புடிச்சிடுவீங்கன்னு சொல்லல.”

“நல்ல ஆளும்மா நீ!” ஆபீசர் எரிச்சலோடு கம்பியைப் பிடுங்கச் சொல்லிவிட்டு அடுத்த வயலுக்கு நடந்தார்.

சம்மந்தத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நெசமாவே வுழுந்தியா? அடிகிடி பட்டுச்சா?”

அவள் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“நான் எங்கங்க வுழுந்தேன்? புள்ள கப்பலேறிட்டான்னு நீங்க சொன்ன அன்னிக்கே நம்ம வூட்டு உப்புப்பானை காலியா கெடந்திச்சு. நீங்க ஒடிஞ்சிடுவீங்கன்னுதான் நம்புன மாதிரியே இருந்தேன். அதுக்காக, கலாட்டாவுல செத்த எம்புள்ளய நீங்க உப்பு கொட்டிப் பொதைச்ச மண்ண இன்னொருத்தன் வெட்ட வுட்டுடுவேனா?”